அத்தான் கொடுத்த நோட்டீஸில் எது நடக்கும், எது நடக்காது?

நாங்குநேரி வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது முப்பத்தாறு. வீட்டில் தையல் வேலை, மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் செயலாளர். இவர்கள் ஊராட்சியில் வரப்போகும் தேர்தலுக்குத் தலைவர் பதவிக்கு ஒருவர் இப்போதே வேலையை ஆரம்பித்துவிட்டார். அவர் சகோதரியின் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், இவருக்கு அத்தான் முறை. எட்டு வாக்குறுதிகள் கொண்ட நோட்டீஸ் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்: வெள்ளநீர்க் கால்வாயிலிருந்து பெரியகுளத்துக்குத் தண்ணீர், தினமும் குடிநீர், எல்லாத் தெருவுக்கும் சிமெண்ட் ரோடும் தெருவிளக்கும், வீட்டு வரி ரத்து, குழுக் கடன் தள்ளுபடி, டாஸ்மாக் கடை மூடல், புறம்போக்கில் குடியிருப்போருக்கு ஆறு மாதத்தில் பட்டா, ஊர் இளைஞர்களுக்கு வேலை. நோட்டீஸில் இல்லாமல் வாய்மொழியாக இன்னொன்றும் உண்டு. குழு ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், அம்மன் கோயில் கொடைக்குத் தனியாக ஒரு தொகை.

"உங்கள் குழுக்களின் கூட்டமைப்பில் எல்லாக் குழுக்களிடமும் எனக்காக நீதான் பேச வேண்டும்" என்று அத்தான் கேட்கிறாராம். சகோதரி கேட்பது மூன்று. இதெல்லாம் நடக்கிற காரியமா? இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால், செய்யாவிட்டால் கேஸ் போடலாமா? சொந்தக்காரரிடம் முகத்தை முறிக்காமல் எப்படிப் பேசுவது? கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி: "பட்டா செலவுக்கு என்று பதினான்கு வீட்டில் தலைக்கு இரண்டாயிரம் வாங்கியிருக்கிறார்கள்." எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புச் சகோதரி,

உங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2021 அக்டோபரில். அப்போது மாவட்டப் பிரிவினையால் தள்ளிப்போய்த் தனியாகத் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் திருநெல்வேலியும் ஒன்று. பதவிக்காலம் ஐந்து வருஷம் என்பதால்தான் அத்தான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறார். சரி, நோட்டீஸுக்கு வருவோம்.

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த வேலைக்கான கோப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது? பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? எந்த வருஷம் முடியும்? முதல் கேள்விக்கே உங்கள் எட்டு வாக்குறுதிகளில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும்.

குழுக் கடன் தள்ளுபடியை ஊராட்சித் தலைவர் செய்ய முடியாது. அது வங்கியும் அரசும் சம்பந்தப்பட்டது. டாஸ்மாக் கடையும் அப்படித்தான்: கடையை மூடச் சொல்லிக் கிராமசபையில் தீர்மானம் போடலாம், கலெக்டரிடம் கொண்டுபோகலாம், போராடலாம். அந்தத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் கடைக்குப் பூட்டுப் போடுகிற சாவி தலைவரிடம் இல்லை. வேலைவாய்ப்பைப் பற்றி நாங்குநேரிக்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பேச்சை இருபது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டவர்கள் நீங்கள். அரசே முட்டி மோதிய இடத்தில் ஒரு ஊராட்சி என்ன தொழிற்சாலையைக் கொண்டுவந்துவிடும்?

பெரியகுளத்துத் தண்ணீர்

நோட்டீஸில் முதலாவதாக இதைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் தண்ணீர் என்று சொன்னாலே ஓட்டு விழும். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-ல் தொடங்கியது. கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். அது முறைப்படி திறக்கப்பட்டது 2025-ல்தான். ஒரு மாநில அரசு, நீர்வளத்துறை என்ற பெரிய துறையை வைத்துக்கொண்டு, ஆட்சிகள் மாறி மாறி இத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட வேலை அது. அதிலிருந்து ஒரு கிளை வெட்டி உங்கள் குளத்துக்குக் கொண்டுவருவதை ஒரு ஊராட்சித் தலைவர் ஐந்து வருஷத்தில் செய்வேன் என்கிறார். கிளைக்கால் வெட்ட நிலம் எடுக்க வேண்டும், துறை வடிவமைக்க வேண்டும், அரசாணை வேண்டும். அதெல்லாம் நடந்தாலும், அந்தக் கால்வாயில் ஓடுவது ஆற்றில் வெள்ளம் மிஞ்சுகிற காலத்துத் தண்ணீர். வருஷம் முழுக்க ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்காகக் குளத்து விஷயத்தில் தலைவரால் ஒன்றுமே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் குளம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு (அந்தக் குளத்துத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் நூறு ஏக்கருக்குக் குறைவு என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கும். அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் ஆயக்கட்டு எத்தனை என்று சொல்லிவிடுவார். ஒன்றியத்துக் குளம் என்றால் வரத்துக்காலைத் தூர்வாருவது, மடையைச் சரிசெய்வது, மறுகாலைப் பழுதுபார்ப்பது போன்றவற்றை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, விடாமல் ஒன்றியத்துக்கு நடந்தால் நடக்கிற காரியம். வரத்துக்காலில் யாராவது வேலியைத் தள்ளிப் போட்டிருந்தால் அதை அளந்து எடுக்கச் சொல்லித் தாசில்தாருக்கு எழுதலாம்.

இங்கேதான் உண்மையான கேள்வி வருகிறது. உங்கள் பெரியகுளத்து வரத்துக்காலை ஆக்கிரமித்திருப்பவர்கள் யார்? அவர்களில் அத்தானுக்கு வேண்டியவர்கள் எத்தனை பேர்? வெள்ளநீர்க் கால்வாயைக் கொண்டுவருவேன் என்று சொல்ல அவருக்கு ஒரு பைசா செலவில்லை, யாரும் கோபிக்கப் போவதும் இல்லை. வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுப்பேன் என்று சொன்னால் நாளைக்கே நாலு வீட்டு ஓட்டுப் போகும். ஒரு வேட்பாளரை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: சொல்வதால் அவருக்கு ஏதாவது நஷ்டம் வருகிறதா என்று பாருங்கள்.

குடிநீர், ரோடு, விளக்கு

இவை தலைவருடைய சொந்த வேலைகள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாகச் சொல்பவற்றில் ஊர்ச் சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர், சுடுகாடு எல்லாம் வருகின்றன. ஆகவே இவற்றை அத்தான் கருணையோடு தருகிற பரிசாக எண்ண வேண்டாம். யார் தலைவராக வந்தாலும் செய்தாக வேண்டும்.

'தினமும் குடிநீர்' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்றால், எவ்வளவு வரும் என்பது குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். தொட்டிக்கு வந்த தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போகிறது என்பது ஊராட்சியின் கையில். டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் பாக்கி இல்லாமல் போகிறதா, வால்வு பழுதானால் எத்தனை நாளில் மாற்றுகிறார்கள், உடைந்த குழாய் எத்தனை நாள் ஒழுகுகிறது என்பதெல்லாம் தலைவர் பொறுப்பு. அப்புறம், லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடுகள். அது எந்த ஊரில் இல்லை? மேட்டுத் தெருவில் குடம் நிறையாததற்குப் பல ஊர்களில் அதுதான் காரணம். "பதவிக்கு வந்த முதல் மாதம் அந்த மோட்டார்களை எடுப்பீர்களா, நம்ம சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஆரம்பிப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

எல்லாத் தெருவுக்கும் சிமெண்ட் ரோடு என்பது பணத்தைப் பொறுத்தது. ஊராட்சிக்குப் பணம் முக்கியமாக மூன்று வழியில் வருகிறது: சொந்த வரி வருவாய், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம். மானியத்தை நினைத்தபடி செலவழிக்க முடியாது. 15-வது நிதிக்குழு காலத்தில் மத்திய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போடப்பட்டிருந்தது. மோட்டார்களுக்கும் தெருவிளக்குக்கும் மின் கட்டணம், கூட்டுக் குடிநீருக்கு வாரியக் கட்டணம், துப்புரவுப் பணியாளர் சம்பளம் எல்லாம் போன பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால்தான் எத்தனை தெருவுக்கு ரோடு என்பது தெரியும். "எல்லாத் தெருவுக்கும்" என்பதற்குப் பதில் "முதல் இரண்டு வருஷத்தில் இந்த மூன்று தெரு, இந்த நிதியில்" என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால் அவர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தக் கணக்கை நீங்களே பார்க்கலாம். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சி பெயரைத் தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவும் வரும். போதவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் கவலையில்லை, சரியான இடத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. கடந்த மூன்று வருஷ வரவு செலவு மட்டும் கேளுங்கள். "எல்லா ஆவணமும் வேண்டும்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

வீட்டு வரி ரத்து என்பதுதான் என்னைக் கேட்டால் நோட்டீஸிலேயே மோசமான வாக்குறுதி. சட்டப்படி விதிக்க வேண்டிய வரியைத் தலைவர் தன் விருப்பத்துக்கு ரத்துசெய்ய முடியாது என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், ஊராட்சியின் கையில் நிபந்தனை இல்லாமல் இருக்கும் பணத்தில் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டுக்கு வருஷம் 130 ரூபாய் என்றும், ஊரில் ஏறத்தாழ 900 வீடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லா வீட்டுக்கும் அதே வரி என்று வைத்தால் 1,17,000 ரூபாய். மோட்டார் கருகினால் உடனே ரீவைண்டிங்குக்குக் கொடுக்க, பல்பு வாங்க, சாக்கடை எடுக்க ஆள் கூப்பிட உதவுகிற பணம் அது. அதையும் நிறுத்திவிட்டுத் தினமும் தண்ணீர் தருவேன் என்றால் ஒரே நோட்டீஸில் நாலாவது வரி இரண்டாவது வரியை அடிக்கிறது.

பத்திரத்தில் எழுதி வாங்கலாமா?

வேண்டாம். இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. இருபது ரூபாய் முத்திரைத்தாளுக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதை நீதிமன்றத்தில் கிடையாது. "நான் இதைச் செய்வேன்" என்று அவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் அது பதிலுக்கு ஒன்றும் பெறாத வெறும் வாக்கு, அதை வைத்து வழக்குப் போட முடியாது. "எங்கள் குழுக்களின் ஓட்டுக்குப் பதிலாக இதைச் செய்வேன்" என்று எழுதினாலோ இன்னும் மோசம். ஓட்டை விலையாக வைத்துப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பதோடு, நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். நோட்டரி முத்திரை வைத்தாலும் இதில் மாற்றமில்லை.

பெரிய தேர்தல்களிலும் நிலைமை இதுதான். தமிழ்நாட்டில் இலவசத் தொலைக்காட்சி வாக்குறுதி பற்றி எழுந்த வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்பதற்காக ஊராட்சித் தலைவரின் பதவியைப் பறிக்கவும் வழியில்லை. வாக்காளர்கள் திரும்ப அழைக்கும் முறை நம் சட்டத்தில் இல்லை. பதவி நீக்கம் கலெக்டர் மூலமாக, முறைகேடு, கடமை தவறுதல் போன்ற காரணங்களுக்கு நடப்பது.

பத்திரத்தைவிட உறுதியான இடம் கிராமசபைத் தீர்மான நோட்டு. வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. யார் ஜெயித்தாலும் பதவியேற்றபின் வரும் முதல் கிராமசபையிலேயே உங்கள் கூட்டமைப்புப் பெண்கள் மொத்தமாகப் போய் உட்காருங்கள். தெருப் பெயரோடு, வேலை விவரத்தோடு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு நிரப்புகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

குழுவுக்குப் பத்தாயிரம்

இதை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். "எல்லாரும் கொடுக்கிறார்கள், நம்ம அத்தான் கொடுத்தால் என்ன?" என்ற தொனி. சட்டம் இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறது. ரோடு போடுவேன், குளம் வெட்டுவேன் என்பது பொதுக் காரியத்துக்கான வாக்குறுதி, அது குற்றமில்லை. ஓட்டைக் கருதி ஆளுக்கோ குழுவுக்கோ பணம் கொடுப்பது லஞ்சம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவின்படி கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் குற்றவாளி, 173-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தேர்தல் தேதி இன்னும் அறிவிக்கவில்லையே என்பது பாதுகாப்பு ஆகாது. பணம் குழுக் கணக்கில் விழுந்தால் தீர்மான நோட்டில் என்னவென்று எழுதுவீர்கள்? செயலாளர் என்ற முறையில் கையெழுத்து உங்களுடையது. நாளைக்கு வங்கிக் கடன் வாங்கும்போது தணிக்கை செய்பவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். கோயில் கொடைக்குத் தருகிற பணமும், ஊர் ஓட்டைப் பேசி முடிப்பதற்காக என்றால், இதே கணக்கில்தான் சேரும். அம்மன் பெயரைச் சொன்னதால் தப்பிக்க முடியாது.

இன்னொரு கணக்கு. 2021 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் அனுமதித்த செலவு வரம்பு 34,000 ரூபாய். உங்கள் கூட்டமைப்பில் பதினெட்டுக் குழு இருப்பதாகச் சொல்கிறீர்கள். குழுப் பணம் மட்டும் 1,80,000. போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அத்தானிடம் எப்படிப் பேசுவது?

"மேலிடத்தில் எனக்கு ஆள் இருக்கு" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஆனாலும் செல்வாக்கு ஒன்றுக்கும் உதவாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் ஆள் தெரிந்தவர் ஒரு வேலையைச் சீக்கிரம் வாங்கி வருவது உண்டு. அதைவிட முக்கியம், ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். தலைவரும் துணைத் தலைவரும் முறைத்துக்கொண்டு வேலையெல்லாம் கிடப்பில் கிடந்த ஊராட்சிகளை உங்கள் பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஆகவே அவரோடு வார்டுகளில் நிற்பவர்கள் யார், அவர்களோடு அவருக்கு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் "வீட்டுக்காரியை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொள்வேன்" என்பாரானால், கையெழுத்துக்கும் கணக்குக்கும் பொறுப்பு அந்த அக்காவுக்குத்தான் என்பதை அந்த அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உறவு முறியாமல் பேச ஒரு வழி இருக்கிறது. "அத்தான், நோட்டீஸைக் கொஞ்சம் மாத்தி அடிச்சிருங்க. உங்க கையில இருக்கறதை 'செய்வேன்'னும், மத்ததை 'கேட்டு வாங்க முயற்சி எடுப்பேன்'னும் போடுங்க. அப்படின்னா நான் தைரியமா எல்லாக் குழுவிலயும் பேசுவேன்." இதைச் சொன்னால் நீங்கள் அவருக்கு எதிரி ஆகமாட்டீர்கள். மாற்ற மறுத்தால், கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே நாளில் வரச்சொல்லி ஒரே கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். தனியாக நீங்கள் யாருக்காகவும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஓட்டு ரகசியம், அதை யாரிடமும் சொல்ல வேண்டியதும் இல்லை.

அந்த இரண்டாயிரம் ரூபாய்

பட்டா கொடுப்பது வருவாய்த்துறை. ஊராட்சித் தலைவருக்கு அதில் கையெழுத்து இல்லை, இன்னும் தலைவராகவே ஆகாதவருக்கு எங்கிருந்து வரும்? அந்தப் பதினான்கு வீடு எந்த வகைப் புறம்போக்கில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்கள். கிராம நத்தம், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம் என்றால் தாசில்தார் அலுவலகத்தில் முறைப்படி மனு கொடுத்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. குளம், ஓடை, வாய்க்கால் என்று நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பட்டா கிடைக்காது. இதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் கேட்க வேண்டியது மாற்று இடத்தில் வீட்டுமனை. அதையும் சொந்தமாக மனு எழுதித் தாசில்தாரிடமோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலோ கொடுக்கலாம், ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை வாங்கியது அத்தானா, அவர் பெயரைச் சொல்லி வேறு யாருமா என்று உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. அவருக்கே தெரியாமல் நடந்திருக்கவும் கூடும். அதனால் அவரிடம் நேரில் சொல்லி, இந்த மாதத்துக்குள் பதினான்கு வீட்டுக்கும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். யார் யார், எந்தத் தேதி, யாரிடம், யார் முன்னிலையில் கொடுத்தார்கள் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வராவிட்டால் பணம் கொடுத்தவர்கள் சேர்ந்து காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம், அங்கே வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பணம் கொடுத்தவர்களின் பெயரில் போகட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்க உதவினால் போதும்.